காட்டுச் சாலையில் நீளும் கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறைக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் போய்த் திரும்பிய வாசகர்கள் பலர் இம்முறை ஒரே விஷயத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். வழியில் கண்ட விலங்குக்குத் தின்னக் கொடுத்தோம், தடுத்துவிட்டார்கள், ஏன் என்று கேட்கிறார்கள். சிலர் கோபத்தோடும் சிலர் உண்மையான குழப்பத்தோடும் கேட்டிருப்பதால், இந்த இதழில் எனக்குரிய பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: முதுமலை வழியாக ஊட்டிக்குச் சென்றபோது, தெப்பக்காட்டுக்கு அருகே சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்களுக்கு என் மகள் நான்கு பிஸ்கட் போட்டாள். அங்கே வந்த வனக்காவலர் கடுமையாகக் கண்டித்ததில் குழந்தை அழுதுவிட்டாள். நான்கே நான்கு பிஸ்கட்டால் ஒரு மானுக்கு என்ன வந்துவிடப் போகிறது? (ஒரு தாய், திருச்சி)

பதில்: உங்கள் மகள் ஆசையாகத்தான் போட்டிருக்கிறாள், அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் காவலர் சொன்னதும் சரியே. அவர் சொல்லாமல் விட்ட காரணத்தை நான் சொல்கிறேன், நீங்கள் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

மான் அசைபோடும் விலங்கு. பசுவைப் போலவே அதன் வயிறும் நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் பெரியதான முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து, புல்லிலும் இலையிலும் உள்ள நாரை மெல்ல மெல்ல நொதிக்க வைத்து மானுக்கு வேண்டிய சத்தாக மாற்றித் தருகின்றன. அந்த நுண்ணுயிர்களுக்குப் பழக்கமானது புல்லும் தழையும்தான். மாவும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம் திடீரென்று உள்ளே போனால், அதை வேகமாக நொதிக்கச் செய்யும் வேறுவகைக் கிருமிகள் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அமிலம் ஏறினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, விலங்கு எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிடுகிறது. கிராமத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மாட்டுப் பொங்கலன்று ஆசையாக அள்ளி வைத்த சர்க்கரைப் பொங்கலையும் சோற்றையும் அளவில்லாமல் தின்ற மாடு மறுநாள் வயிறு வீங்கிப் படுத்துக்கொள்வதும், கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுவதும் ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான். மாட்டுக்காவது ஓடிப்போய் மருத்துவரை அழைத்துவர ஓர் ஆள் இருக்கிறார். மான் புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் கேட்பதற்கு யாருமில்லை.

நான்கு பிஸ்கட்டில் மான் செத்துவிடாது என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அன்று அந்தச் சாலையில் உங்களுக்கு முன்னும் பின்னும் போன கார்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு காரிலும் ஒரு குழந்தை இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கையிலும் நான்கு பிஸ்கட் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது உங்கள் நான்கை மட்டும். மானுக்குப் போய்ச் சேர்வது அத்தனையும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிஸ்கட்டோடு அதன் உறையும் போகிறது. உப்பும் இனிப்பும் ஒட்டிய உறையை விலங்கு உணவாகவே எண்ணி விழுங்குகிறது. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய வளாகங்களில் இறந்த மான்களை அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் பிளாஸ்டிக் பைகள் உருண்டையாகத் திரண்டு கிடந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் உடல்நலம் குன்றி விழுந்த பெண் யானை ஒன்று, பல நாள் சிகிச்சைக்குப் பிறகும் பிழைக்கவில்லை. உடற்கூறாய்வில் அதன் வயிற்றில் ஒரு சிசு இருந்ததும், குடலில் பிளாஸ்டிக் கழிவுகள் இருந்ததும் தெரிந்தன. அந்த யானை குப்பைமேட்டில் மேய்ந்து பழகியது. காரிலிருந்து வீசப்படும் உறையும் ஒரு சிறு குப்பைமேடுதான்.

கேள்வி: காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிடும் மரபு நம்முடையது. எறும்புக்கும் இரை கிடைக்கட்டும் என்று அரிசி மாவில் கோலம் போட்ட பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். வாயில்லா ஜீவனுக்கு உணவளிப்பது புண்ணியம் என்று வளர்ந்தவர்களை, குற்றவாளிகளைப் போலப் பலகை வைத்து எச்சரிப்பது எனக்கு மனவேதனை அளிக்கிறது. (ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்த மரபின் மேல் உங்களுக்கு இருக்கும் மதிப்பு எனக்கும் உண்டு. என் வீட்டு வாசலிலும் அரிசி மாக்கோலம்தான். அதனால்தான் இதற்கு விரிவாகப் பதில் எழுதத் தோன்றுகிறது.

நம் முன்னோர் சோறு வைத்தது யாருக்கு என்று பாருங்கள். காக்கை, எறும்பு, பசு, தெருநாய், அணில் எல்லாமே நம்மோடு ஊருக்குள் வாழ்பவை. நம் கூரையிலும் முற்றத்திலும் பிழைக்கப் பழகியவை. காட்டு யானை வந்தால் அவர்கள் பிடி சோறு வைக்கவில்லை. தீப்பந்தமும் பறையுமாகத் தோட்டத்தைக் காத்தார்கள், அது விலகிப் போனதும் தம் வேலையைப் பார்த்தார்கள். ஊருக்கும் காட்டுக்கும் நடுவே ஓர் எல்லை உண்டென்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மலைச்சாலையில் கார் ஓடத் தொடங்கிய பிறகு அந்த எல்லை நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. சாலை நம்முடையது என்பதால் சாலையோரத்தில் நிற்கும் விலங்கும் நம் முற்றத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

காட்டு விலங்குக்கு இரண்டு செல்வங்கள் உண்டு. ஒன்று, தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் திறமை. எந்த மரம் எந்த மாதத்தில் பழுக்கும், கோடையில் எந்த ஓடையில் நீர் தங்கும், எந்தப் பட்டையை உரித்தால் ஈரம் இருக்கும் என்பதையெல்லாம் குட்டி தன் தாயின் பின்னாலேயே நடந்து ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொள்கிறது. மற்றொன்று, மனிதனைக் கண்டால் விலகும் அச்சம். பார்ப்பவர்களுக்கு அது கோழைத்தனமாகத் தெரியலாம். அந்த உடம்புக்கு அதுதான் வேலி. நாம் நீட்டும் ஒரு வாழைப்பழம் இந்த இரண்டையும் ஒருசேர வாங்கிக்கொள்கிறது.

நீலகிரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மசினகுடியை அடுத்த வாழைத்தோட்டம் பகுதியில் சுற்றித் திரிந்த ஒரு காட்டு ஆண் யானைக்கு மக்கள் ரிவால்டோ என்று பெயர் வைத்திருந்தார்கள். துதிக்கையின் நுனி துண்டாகிப்போன, ஒரு கண்ணில் பார்வை குன்றிய யானை அது. பார்த்தவர்கள் இரக்கப்பட்டார்கள், பழம் கொடுத்தார்கள், ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். பழம் கிடைக்கும் இடத்தை யானை மறப்பதில்லை. குடியிருப்புகளையும் விடுதிகளையும் சுற்றியே அதன் நடமாட்டம் அமைந்துவிட்டது. முடிவில் மக்களின் பாதுகாப்பையும் யானையின் நலத்தையும் காரணம் காட்டி அதைப் பிடிக்க முடிவெடுத்து, 2021 மே மாதம், எந்தப் பழத்துக்கு அது பழகியதோ அந்தப் பழத்தைக் காட்டியே கரால் எனப்படும் மரக்கூண்டுக்குள் வரவழைத்து அடைத்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று; வல்லுநர் குழு பரிசீலித்து, அது காட்டிலேயே வாழ முடியும் என்று சொல்ல, அதே ஆண்டு ஆகஸ்டில் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிக் காட்டின் உட்பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். லாரியில் ஏற்றிச் சென்ற அவ்வளவு தூரத்தையும் நடந்தே கடந்து, அடுத்த நாளே அது பழைய இடத்தை நோக்கித் திரும்பிவிட்டது.

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாருமில்லை, ஐயா. எல்லாரும் இரக்கமுள்ளவர்கள். ஆனால் மூன்று மாதம் கூண்டுக்குள் நின்றது யானை; பழம் கொடுத்தவர்களில் ஒருவரும் நிற்கவில்லை. புண்ணியம் என்பது கொடுத்தவருக்குக் கிடைக்கும் மனநிறைவா, பெற்றுக்கொண்ட உயிருக்கு விளையும் நன்மையா என்று கேட்டால் நீங்கள் எதைச் சொல்வீர்கள் என்பது உங்கள் கடிதத்தைப் படித்த எனக்குத் தெரியும்.

கேள்வி: நான் கரும்பு லாரி ஓட்டுகிறேன். ஆசனூர் பக்கம் யானை வழிமறித்தால் இரண்டு கட்டுக் கரும்பை வீசிவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு. நாங்கள் வேறு என்ன செய்வது? (வாசகர், சத்தியமங்கலம்)

பதில்: உயிருக்குப் பயந்து வீசுபவரை நான் சுற்றுலாப் பயணியோடு சேர்த்துப் பேச மாட்டேன். ஆனால் இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்பதை உங்களைப் போன்ற ஓட்டுநர்களே நன்கு அறிவீர்கள். தமிழக, கர்நாடக எல்லையிலுள்ள காரப்பள்ளம் சோதனைச் சாவடியில் உயரக் கட்டுப்பாட்டுக்கு மேல் ஏற்றிவந்த கரும்பை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். அந்தக் கரும்பைத் தின்று ருசி கண்ட யானைகள் அங்கேயே காத்திருக்கத் தொடங்கின. பிறகு லாரியின் ஓசையை வைத்தே அடையாளம் கண்டு நடுச்சாலையில் வந்து நின்றன. இப்போது குட்டிகளும் தாயோடு சேர்ந்து நிற்கின்றன. அந்தக் குட்டிக்கு நெடுஞ்சாலைதான் மேய்ச்சல் நிலம்.

ஒரு யானைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோ தீவனம் தேவை. புல், மூங்கில், பட்டை, இலை என்று தேடித் தேடி அது நடக்கும் நடையில்தான் காடு வளர்கிறது. அது போடும் சாணத்தில்தான் விதை முளைக்கிறது. சாலையில் காத்து நிற்கும் யானை அந்த நடையை விட்டுவிடுகிறது. ஆகவே அனுமதித்த உயரத்துக்கு மேல் கரும்பு ஏற்றாதீர்கள். சுமையைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டுங்கள். இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு உள்ள நேரத்தைத் தவிருங்கள். யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஒலிப்பான் அடிக்காமல் காத்திருங்கள். வீசிவிட்டுப் போனால் நீங்கள் தப்பிவிடுவீர்கள். அடுத்து வரும் இருசக்கர வாகனக்காரரிடம் கரும்பு இருக்காது. சுமைக்கு வரம்பு வைப்பதில் லாரி உரிமையாளரும் ஆலைக்காரரும் உங்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் சுமையின் அளவைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஓட்டுநர் அல்லர்.

கேள்வி: மலைக்கோயில்களிலும் கொண்டை ஊசி வளைவுகளிலும் இருக்கும் குரங்குகள் பல தலைமுறையாக மனிதரை நம்பியே வாழ்கின்றன. நாளையே எல்லாரும் கொடுப்பதை நிறுத்திவிட்டால் அவை பட்டினி கிடந்து சாகாதா? (வாசகி, சேலம்)

பதில்: பலருடைய மனத்திலும் உள்ள கேள்வி இது. முதலில் நான் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில், பர்லியாரைத் தாண்டிய ஒரு வளைவில், தடுப்புச் சுவரின் மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கார் ஒன்று வேகத்தைக் குறைத்தது. வேகம் குறைந்த ஓசைக்கே இரண்டு எழுந்தன. உள்ளே பாலித்தீன் பை சரசரத்ததும் மொத்தக் கூட்டமும் சாலைக்கு இறங்கியது. ஜன்னல் வழியாக வீசப்பட்ட பன் நடுச்சாலையில் உருண்டது. வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி ஒரு தாய் அதை எடுக்கப் பாய்ந்தது. கீழிருந்து ஏறிவந்த வண்டியை அது கவனிக்கவில்லை. தாய் பிழைத்துக்கொண்டது. குட்டியின் உடலை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று கால்களால் நொண்டியபடி சுவரில் ஏறி உட்கார்ந்து, நான் அங்கிருந்த நேரம் முழுவதும் அதன் தலைமயிரைக் கோதி விட்டுக்கொண்டே இருந்தது. பன் வீசிய கார் அதற்குள் அடுத்த வளைவைக் கடந்திருக்கும். அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை நடந்தது தெரியாது. அவர்கள் நினைவில் அது ஒரு நல்ல காரியமாகவே இருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாட்டுக்குரங்கு எதையும் தின்று பிழைக்கும் விலங்கு. பழம், கொழுந்து, பூ, விதை, வெட்டுக்கிளி, சிலந்தி என்று அதன் உணவுப் பட்டியல் மிக நீளம். சாலையில் கிடைப்பது நின்றால் அது மரத்தின் பக்கம் திரும்பும். சில வாரங்கள் தொல்லை கூடும், பையைப் பறிக்கும், வீட்டுக்குள் நுழையப் பார்க்கும், பிறகு குறையும். குறையாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் அரைகுறையாக நிறுத்துவதுதான். பத்துப் பேர் நிறுத்தி ஒருவர் கொடுத்தால், அந்த ஒருவருக்காகவே கூட்டம் காத்திருக்கும். காட்டை முற்றாக இழந்து ஊருக்கு நடுவே சிக்கிக்கொண்ட கூட்டங்களின் நிலை வேறு. அவற்றை வனத்துறையும் கால்நடை மருத்துவர்களும் திட்டமிட்டுக் கையாள வேண்டுமே தவிர, வழிப்போக்கர்கள் முறுக்குப் பொட்டலத்தால் தீர்க்க முடியாது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பெரிய சான்று. அங்கே கரடிக்கு உணவளிப்பதை 1902ஆம் ஆண்டிலேயே தடை செய்தார்கள். ஆனால் தடை காகிதத்தில்தான் இருந்தது. சாலையோரம் கார்களை நிறுத்தி மக்கள் கரடிக்கு ரொட்டி ஊட்டினார்கள். விடுதிகளின் எச்சில் கொட்டும் குப்பைமேடுகளில் கரடி தின்பதை இருக்கை போட்டு வேடிக்கை காட்டிய காலமும் உண்டு. 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் அங்கே கரடியால் காயமடைந்தார்கள். ஆட்களைத் தாக்கப் பழகிய கரடிகளைக் கொல்ல வேண்டியும் வந்தது. 1970இல் பூங்கா நிர்வாகம் குப்பைமேடுகளை மூடி, கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டிகளை வைத்து, தடையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. முதல் ஆண்டுகள் கரடிகளுக்குக் கடினமாகவே இருந்தன. பல கரடிகள் அப்போது இறந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கரடிகள் மெல்லக் கிழங்குக்கும் மீனுக்கும் புல்லுக்கும் திரும்பின. கரடியால் காயமடைபவர் எண்ணிக்கை இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

குரங்கு மரத்துக்குத் திரும்புவதில் நமக்கும் ஒரு லாபம் உண்டு. நாட்டுக்குரங்குக்குக் கன்னத்தில் பை இருக்கிறது; பழங்களை அதில் அடக்கிக்கொண்டு வேறோர் இடத்துக்குப் போய் விதையைத் துப்புகிறது. இப்படி அது காட்டுக்குள் விதைக்கிறது. வடவங்கத்தின் பக்ஸா புலிகள் காப்பகத்தில் செங்குரங்குகளை ஆராய்ந்தவர்கள், மக்கள் உணவளிக்கும் காலத்தில் அவை காட்டுப்பழம் தின்பதும் விதை பரப்புவதும் குறைந்துபோவதையும், பரப்பும் விதையிலும் ஒரு பங்கு முளைக்க வழியில்லாத சாலையில் விழுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் நாட்டில் புத்தலயிலிருந்து கதிர்காமம் செல்லும் வீதியில் யானைகள் வாகனத்தை மறித்து உணவு கேட்கின்றன. யாத்திரிகர்கள் பழம் கொடுப்பதை முருகனுக்குச் செய்யும் தொண்டாகவே நினைக்கிறார்கள். (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: அந்த வீதி யால வனத்தை ஒட்டிப் போவது. அங்கே நிற்கும் ஆண் யானைகளுள் சில, வாகனத்தின் ஜன்னலுக்குள் துதிக்கையை விட்டுத் துழாவும் அளவுக்குப் பழகிவிட்டன. கண்ணாடியை உடைத்துப் பொதிகளை இழுத்த காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடவளவையில் மின்வேலிக்கு அப்பால் வரிசையாக நின்று வீதியில் போவோரிடம் பழம் வாங்கித் தின்று பழகிய யானைகளின் நிலையும் இதுவே. பழத்தைப் பையோடு வீசுகிறவர்களும் உண்டு. யானை பையையும் சேர்த்தே விழுங்குகிறது.

பாத யாத்திரையாக வருவோர் அந்தக் காட்டைக் காலால் கடக்கிறார்கள் என்பதை வாகனத்தில் வருவோர் நினைக்க வேண்டும். வாகனத்திலிருந்து பழம் பெற்றுப் பழகிய யானைக்கு, தோளில் பொதியோடு நடந்துவரும் அடியவரும் பழம் வைத்திருப்பவராகவே தெரிவார். நேர்ந்துகொண்டு வாங்கிய பழத்தைக் கோயிலில் கொடுத்துவிடுங்கள். வீதியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, யானைக்கு வழிவிட்டு, அது ஒதுங்கிய பின் போங்கள்.

கேள்வி: உணவு கொடுத்தால் சட்டப்படி என்ன தண்டனை? (வாசகர், கோவை)

பதில்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் குற்றம். தீனி காட்டி விலங்கை ஈர்ப்பதைக்கூட அந்தச் சட்டம் ‘வேட்டை’ என்பதன் விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். 2023 ஜனவரியில் வால்பாறை சாலையில் வரையாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு படமெடுத்த சுற்றுலாப் பயணிகள் கைது செய்யப்பட்டார்கள். நம் மாநில விலங்கான வரையாடு, செங்குத்துப் பாறையில் மனிதர் நெருங்க முடியாத இடத்தில் வாழ்வது; அது கொம்பைப் பிடிக்கவிடும் அளவுக்குச் சாலையில் வந்து நிற்கிறதென்றால், அதற்கு முன்னால் எத்தனை பேர் சிப்ஸ் நீட்டியிருப்பார்கள்! சிங்கப்பூரில் காட்டு விலங்குக்கு உணவளித்தால் முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் உண்டு. அங்கே போகும் நம்மவர்கள் அதை மறக்காமல் நடந்துகொள்கிறார்கள். இங்கேயும் அப்படி நடக்க முடியும் என்றே நம்புகிறேன்.

கேள்வி: நான் எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் குரங்கு என் கைப்பையைப் பறிக்க வந்து, விரலைக் கடித்துவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கடித்த இடத்தை உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காயம் சிறிது என்று விடக் கூடாது. நீங்கள் இன்னும் போகவில்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். மஞ்சள் தடவுவதும் சுண்ணாம்பு வைப்பதும் வேண்டாம்.

அடுத்த முறைக்கு: தின்பண்டத்தைக் கண்ணில் படும்படி கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், பாலித்தீன் பை வேண்டவே வேண்டாம். குரங்கின் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அதன் மொழியில் இரண்டும் வேறு பொருள் தருபவை. பையைப் பற்றிக்கொண்டால் இழுபறி செய்யாமல் விட்டுவிட்டு, ஓடாமல் பின்வாங்குங்கள். நீங்கள் கொடுக்கவில்லை என்பதை நம்புகிறேன். உங்களுக்கு முன் வந்தவர் கொடுத்தார். கடி உங்களுக்குக் கிடைத்தது.

கேள்வி: கோடையில் காட்டில் தண்ணீரே இல்லாமல் விலங்குகள் தவிக்கும்போதாவது நாம் உதவலாமா? (வாசகர், தேனி)

பதில்: வனத்துறை காட்டுக்குள் தொட்டிகள் கட்டி லாரியில் நீர் கொண்டுபோய் நிரப்புகிறது. உதவ விரும்பினால் அவர்களிடம் கேட்டு அந்த வழியில் உதவுங்கள். சாலையோரத்தில் பாத்திரம் வைத்தால் விலங்கு சாலைக்கு வரும்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் மாடியில் சிட்டுக்குருவிக்குக் கம்பு வைக்கிறேன். அதுவும் தப்பா? வால்பாறையில் சோலைமந்தியைப் பார்த்தேன், அதற்கு ஒன்றும் கொடுக்காமல் வந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. (மாணவன், பொள்ளாச்சி)

பதில்: அன்புத் தம்பி, குருவிக்கு நீ கம்பு வைப்பதில் தப்பே இல்லை. அது நம் வீட்டுச் சந்தில் கூடு கட்டி வாழும் பறவை. கொஞ்சமாக வை; பக்கத்தில் அகலமான தட்டில் தண்ணீர் வைத்து, அதைத் தினமும் மாற்று. மிக்சர், பிஸ்கட், உப்புப் போட்ட எதுவும் வேண்டாம்.

சோலைமந்தி கதை வேறு. அது உலகிலேயே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்வது. மரத்துக்கு மரம் தாவியே வாழ்நாளைக் கழிக்க வேண்டிய அது, வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் காட்டுத்துண்டில் தரைக்கு இறங்கிச் சாலையைக் கடக்கவும், வீட்டுச் சமையலறைக்குள் நுழையவும் பழகிவிட்டது. அங்கே இயற்கை ஆர்வலர்கள் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். வண்டிகளை நிறுத்தி மந்திக்கு வழிவிடச் சொல்வதற்கென்றே சாலையில் ஆட்களும் நிற்கிறார்கள். நீ பழம் கொடுத்திருந்தால் அது இன்னும் ஒருமுறை கீழே இறங்கியிருக்கும். கொடுக்காமல் வந்தாயே, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அடுத்த முறை போகும்போது பழத்துக்குப் பதிலாக ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போ. அப்பாவிடம் சொல்லி வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல். அசையாமல் உட்கார்ந்து பார்த்தால், மந்தி பலாப்பிஞ்சைப் பிய்த்துத் தின்பதையும், பட்டையை உரித்து அடியிலிருக்கும் பூச்சியை எடுப்பதையும், குட்டி அதைப் பார்த்துத் தானும் ஒரு பட்டையை உரிக்க முயன்று தோற்பதையும் நீ காணலாம். அரைமணி நேரத்தில் அது என்னென்ன தின்றது என்று எழுதி எனக்கு அனுப்பு. உன் பட்டியலை இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.